திருகோணமலைக் கரையில் சிப்பி பொறுக்கும்போது கூம்புச் சங்கிடம் குத்து வாங்காமல் இருப்பது எப்படி

வாடை ஓய்ந்து கடல் அடங்கத் தொடங்கியதும் எங்கள் கரையெங்கும் சங்கும் சோகியும் சிப்பியும் ஒதுங்கிக் கிடக்கும். உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி என்று எங்கே இறங்கினாலும் பொலித்தீன் பையோடு குனிந்து திரியும் பிள்ளைகளைப் பார்க்கலாம். நல்ல பொழுதுபோக்குத்தான், நானும் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவன்தான். ஆனால் அந்தப் பைக்குள் போகவே கூடாத ஒரு சங்கு இருக்கிறது. பாம்பைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம், பூரானைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறோம், இதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், பிள்ளையின் கை முதலில் அதற்குத்தான் போகும்.

கூம்பு நத்தை, அல்லது கூம்புச் சங்கு. கோனஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். வேட்டையாடித் தின்னும் விஷ நத்தை. உலகில் 700 க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை கடற்புழுக்களைத் தின்று வாழ்பவை, அவை குத்தினால் வலியும் வீக்கமும் வந்து போகும், அவ்வளவுதான். மற்றச் சங்குகளைத் தின்பவை கொஞ்சம், மீனைப் பிடித்துத் தின்பவை கொஞ்சம். ஆளைக் கொல்லக்கூடியவை பெரும்பாலும் இந்த மீன் தின்னிகள்தான். மீன் தப்பி ஓடுமுன் அதை முடக்க வேண்டுமல்லவா, அதனால் அவற்றின் விஷம் முதுகெலும்புள்ள உயிர்களின் நரம்பையும் தசையையும் நொடியில் செயலிழக்க வைப்பதற்கென்றே அமைந்தது. எங்கள் உடம்பும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது.

சரி, எப்படி அடையாளம் பிடிப்பது?

வடிவத்தைப் பாருங்கள். ஐஸ்கிறீம் கோனைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும்: ஒரு பக்கம் அகலம், அதன் உச்சியில் தாழ்ந்த சுருள், அங்கிருந்து மறு பக்கம் வரை ஒடுங்கிக்கொண்டே போகும். வாய் என்பது வட்டமான ஓட்டை இல்லை, சங்கின் முழு நீளத்துக்கும் ஓடும் ஒரு ஒடுங்கிய பிளவு. சோகிக்கும் நீளப் பிளவு உண்டு, ஆனால் அதில் பல் பல்லாக இருக்கும், உடம்பும் உருண்டை. கூம்பின் பிளவில் ஓரம் மழமழவென்று இருக்கும். இதை மட்டும் பிள்ளைகளுக்கு மனதில் பதிய வைத்தால் பாதி வேலை முடிந்தது, இனத்தை எல்லாம் பிரித்துப் பார்க்கும் வேலை அவர்களுக்கு வேண்டாம்.

பெரியவர்களுக்கு மூன்று இனங்களைச் சொல்லி வைக்கிறேன். மிக ஆபத்தானது கோனஸ் ஜியோகிராபஸ். 15 சென்ரிமீற்றர் வரை வளரும், ஓடு மெல்லியது, தூக்கினால் பாரமே தெரியாது. இளஞ்சிவப்போ வெள்ளையோ கலந்த நிறத்தில் பழுப்புத் திட்டுகளும் வலைக் கோடுகளும் ஓடும், தோள் விளிம்பில் சிறு முடிச்சுகள், வாய் மற்றக் கூம்புகளைவிட அகலம். அடுத்தது கோனஸ் டெக்ஸ்டைல், இது மற்றச் சங்குகளைத் தின்பது, ஆனாலும் ஆபத்தானது, மஞ்சள் பழுப்பில் வெள்ளை முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், எல்லாவற்றிலும் அழகானது இதுதான். மூன்றாவது கோனஸ் ஸ்ட்ரையேட்டஸ், மெல்லிய கோடுகளால் ஆன கரும்பழுப்புத் திட்டுகள். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் வெப்பமான கடலில் முருகைக்கல் உள்ள இடங்களில் வாழ்பவை இவை.

ஆனால் நிறத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. உயிருள்ள கூம்பின்மேல் மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு தோல் மூடியிருக்கும், அதன்மேல் பாசியும் படியும். படத்தில் பார்க்கும் பளபளப்பு உயிரோடு இருப்பதில் பெரும்பாலும் தெரியாது. பளபளப்பாக இல்லை, ஆகவே பயமில்லை என்று யாராவது சொன்னால் அது தலைகீழான பேச்சு. மங்கலாக, பாசி பிடித்து, கூம்பு வடிவில் தண்ணீருக்குள் கிடக்கிறதா, அதைத்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

அது எப்படிக் குத்துகிறது என்று தெரிந்தால்தான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று விளங்கும். மற்ற நத்தைகளுக்கு வாய்க்குள் அரம் போன்ற பல்வரிசை இருக்கும். கூம்பு நத்தைக்கு அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் உள்ளே துளையுள்ள, முனையில் கொக்கி வைத்த, தனித்தனி ஈட்டியாக மாறிவிட்டன. தேவைப்படும்போது ஒரு பல், தும்பிக்கை போல நீளும் அதன் வாயின் நுனிக்கு வரும், பின்னால் நீளமாகச் சுருண்டு கிடக்கும் குழாயிலிருந்து விஷம் பாய்ந்து நிரம்பும், தும்பிக்கை இரையைத் தொட்டதும் சுட்டுவிடும். ஒரு பல் ஒரு தடவைக்குத்தான், ஆனால் மேலதிகப் பற்கள் ஒரு பையில் தயாராகவே கிடக்கும். இந்தத் தும்பிக்கை ஒடுங்கிய முனைப் பக்கத்திலிருந்து வெளியே வரும், நீளும், வளையும், பின்னோக்கித் திரும்பும்.

இதனால்தான் ஒரு பழைய ஆலோசனையை மறுக்க வேண்டியிருக்கிறது. அகலமான பக்கத்தில் பிடித்தால் பயமில்லை என்று சுழியோடிகளிலும் சிலர் சொல்வார்கள். ஜியோகிராபஸின் தும்பிக்கை தன் ஓட்டின் பெரும்பகுதியை எட்டும். உயிருள்ள கூம்பைப் பிடிப்பதற்குப் பாதுகாப்பான பக்கம் என்று ஒன்று கிடையாது, எந்தப் பக்கமும். கையுறையும் தடுக்காது, துணியும் தடுக்காது, சுழியோடிகள் போடும் இறப்பர் உடுப்பையும் பல் துளைக்கும். ஆகவே 'எப்படிப் பிடிப்பது' என்று கேட்காதீர்கள். பிடிக்காதீர்கள்.

இனிக் கரையில் செய்ய வேண்டியது.

உலர்ந்த மணலில், அலை எட்டாத இடத்தில், வெயிலில் வெளிறிப்போய்க் கிடப்பதைப் பொறுக்கலாம். அதையும் முதலில் ஒரு குச்சியால் புரட்டிப் பிளவுக்குள் பாருங்கள். ஓட்டை விழுந்திருந்தால், விளிம்பு உடைந்திருந்தால், உள்ளே மணல் நிறைந்திருந்தால் சரி. உள்ளே ஏதாவது சதை தெரிந்தால், நாற்றம் அடித்தால், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே ஒன்றும் தெரியாவிட்டாலும் வெறுமை என்று முடிவு கட்ட வேண்டாம், நத்தை ஆழமாக உள்ளே இழுத்துக்கொள்ளும், அதன் மூடியும் மிகச் சிறியது, பிளவை அடைத்துக்கொண்டு நிற்காது. கடல் கொந்தளித்த மறுநாள் காலையில் உயிருள்ளவையும் கரைக்கு வந்து கிடக்கக்கூடும், அன்றைக்குக் கூடுதல் கவனம் தேவை.

ஈர மணலிலும் முழங்கால் தண்ணீரிலும் கூம்பு வடிவத்தில் எதைக் கண்டாலும் தொடக் கூடாது, இதுதான் வீட்டுச் சட்டம். பகலில் இவை மணலுக்குள் புதைந்தோ முருகைக்கல்லின் அடியில் ஒளிந்தோ இருக்கும், இருட்டிய பிறகுதான் வேட்டைக்குப் புறப்படும். அதனால் கல்லுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவதும், டோர்ச் அடித்துக்கொண்டு இரவில் பாறைப் பக்கம் சங்கு தேடுவதும் இரண்டுமே வேண்டாத வேலை. தண்ணீருக்குள் நடப்பதென்றால் தடித்த அடியுள்ள சப்பாத்துப் போடுங்கள், கூம்புக்காக இல்லாவிட்டாலும் கல்மீனுக்கும் கடல்முள்ளுக்கும் அது உதவும்.

பொறுக்கியதைச் சட்டைப்பையில் போடக் கூடாது, மடியில் கட்டக் கூடாது, நீச்சல் உடுப்புக்குள் செருகக் கூடாது. ஒரு வாளி கொண்டு போங்கள். வாளிக்கு இன்னொரு பயனும் உண்டு. சந்தேகமான சங்கொன்று வாளிக்குள் வந்துவிட்டால் அதன்மேல் கடல்நீரை ஊற்றி, நிழலில் வைத்து, கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒடுங்கிய முனையில் ஒரு சிறு குழாய் எட்டிப் பார்க்கும், டெக்ஸ்டைலில் அதன் நுனி சிவந்து, அடுத்து ஒரு கறுப்பு வளையம் இருக்கும். அது தண்ணீரை முகர்ந்து பார்க்கிறது. அக்கம்பக்கத்தில் இரை இருந்தால் அந்தக் குழாயால்தான் கண்டுபிடிக்கும். பின்னாலே பிளவின் ஓரமாகப் பாதம் மெல்ல விரியும், சங்கு ஒரு பக்கமாகச் சரிந்து நிமிரும். இவ்வளவையும் பார்த்துவிட்டால் பிள்ளைக்குப் பிறகு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வாளியோடு கொண்டுபோய், ஆட்கள் குளிக்காத பக்கமாக, தண்ணீருக்குள் சரித்து விடுங்கள். கையை உள்ளே விடாமல்.

மணலில் விறுவிறுவென்று ஓடும் சங்குக்குள் இருப்பது நண்டு. நத்தை அந்த வேகத்தில் போகாது.

உயிருள்ள சங்கைக் கொண்டுவந்து அவித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். கூம்பைத் தூக்கும்போதும் சுரண்டும்போதும்தான் ஆட்கள் குத்து வாங்குகிறார்கள். 1935 இல் அவுஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் ஓர் இளைஞர் ஜியோகிராபஸ் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கத்தியால் அதன் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தார், குத்துப்பட்டுச் சில மணி நேரத்தில் இறந்துபோனார்.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அது 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து செத்த முருகைக்கல் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது, உயிருள்ளதைப் பற்றிப் பேச்சே இல்லை. தண்ணீருக்குள் முகமூடி போட்டுப் பார்க்கிறபோது கண்ணால் மட்டும் பாருங்கள், கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பதோ கல்லைப் புரட்டுவதோ கூடாது. வழிகாட்டியாக வருகிறவர் ஒரு சங்கை எடுத்து உங்கள் கையில் தந்தால் வாங்காதீர்கள், அவர் அன்பாகத்தான் தருகிறார், ஆனாலும் வாங்காதீர்கள்.

கரைவலை இழுப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். வலையின் மடியில் மீனோடு சங்கும் கல்லும் பாசியும் சேர்ந்துதான் வரும், அதைக் கையாலேயே பிரித்தெறிவது வழக்கம். இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் வலை இழுக்கும்போது கிடைத்த ஒரு சிறு சங்கை வெறுமனே கையில் வைத்துக்கொண்டு கரைக்கு நடந்த அடிமைப் பெண்ணொருத்தி, கையில் இலேசான அரிப்புத் தொடங்கி, அது தோள்வரை ஏறி உடம்பெல்லாம் பரவிச் செத்துப்போனாள் என்று ஒல்லாந்தக் கம்பனியில் வேலை பார்த்த ஓர் இயற்கையாளர் எழுதி வைத்தது 1705 இல் அச்சானது. எங்கள் திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டையைக் கைக்குள் வைத்திருந்த அதே கம்பனிதான். அன்றைக்கு அந்தப் பெண் செய்ததைத்தான் இன்றைக்கும் எங்கள் கரையில் செய்கிறோம். மீன் பிரிக்கும்போது ஒரு குச்சியோ கரண்டியோ பக்கத்தில் இருக்கட்டும், கூம்பு கண்ணில் பட்டால் அதால் தள்ளிக் கடலுக்குள் விடுங்கள். கடலுக்குள்தான், மணலில் எறிந்துவிட்டுப் போனால் அடுத்து வரும் பிள்ளை எடுக்கும்.

நசுக்கிக் கொன்றுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வேண்டாம். அது எங்களைத் தேடி வருவதில்லை. அதோடு இந்த விஷத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரரான பல்டொமெரோ ஒலிவேராவும் அவரது மாணவர்களும் கோனஸ் மாகஸ் என்ற நத்தையின் விஷத்தில் கண்டெடுத்த ஒரு பொருளிலிருந்து வந்த சிகோனோடைட் என்ற மருந்தை 2004 இல் அமெரிக்கா அனுமதித்தது. மோர்பின் கேட்காத கடும் வலிக்கு, முதுகுத்தண்டு நீருக்குள் நேரடியாகச் செலுத்துவது. ஜியோகிராபஸ் மீனுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்படி தண்ணீருக்குள் இன்சுலினைக் கலந்துவிடுகிறது என்று 2015 இல் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு வேலை தெரிந்த உயிரை அது இருக்கிற இடத்திலேயே விட்டுவைப்போம்.

இனிக் குத்து வாங்கிவிட்டால். இந்தப் பகுதியை நிதானமாக வாசித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

வலி பெரிதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஜியோகிராபஸ் குத்தினால் சிலருக்கு ஊசி பட்ட அளவுக்கே தெரியும், அதை வைத்துச் சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறகு குத்திய இடம் விறைக்கும், உதடும் வாயும் மரத்துப்போகும், பார்வை இரண்டாகத் தெரியும், கண் இமை தானாகக் கீழே விழும், பேச்சுக் குளறும், எச்சில் விழுங்க முடியாது, கைகால் தளரும். கடைசியில் மூச்சு விடும் தசைகள் நிற்கும். உயிர் போவது மூச்சு நின்றுதான்.

குத்தியது தெரிந்ததும் ஆளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் படுக்க வையுங்கள். நடக்க விடக் கூடாது, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மோதிரம், காப்பு, வளையலை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். பிறகு அகலமான கிரேப் பண்டேஜ் எடுத்துக் குத்திய இடத்தின்மேல் இறுக்கமாகச் சுற்றி, அதன்பின் விரல் பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதும் சுற்றிக்கொண்டு போங்கள். கால் சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம் போதும். நகத்தை அழுத்தி விட்டால் திரும்பச் சிவக்க வேண்டும், சிவக்காவிட்டால் இறுக்கம் கூடிவிட்டது, தளர்த்திக் கட்டுங்கள். பண்டேஜ் இல்லையா, சாரத்தையோ துவாயையோ நீளமாகக் கிழித்துக் கட்டலாம். மேலே ஒரு தடியை வைத்து அசையாதபடி கட்டுங்கள். குத்திய இடத்தைப் பண்டேஜின்மேல் பேனாவால் குறித்துவிடுங்கள், நேரத்தையும் எழுதுங்கள். வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்வரை அவிழ்க்கக் கூடாது.

இதற்கிடையில் இன்னொருவர் 1990 க்கு அழைக்க வேண்டும், சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகரம் ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தான், ஆனாலும் முச்சக்கர வண்டியில் தனியாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவதைவிட மூச்சுக் கொடுக்கத் தெரிந்த ஆள் கூடவே இருப்பது முக்கியம். வழியில் வேறு வாகனம்தான் கிடைக்கிறது என்றால் குறைந்தது இருவர் கூடப் போங்கள், ஒருவருடைய கண் முழுக்க முழுக்க நோயாளியின் நெஞ்சின்மேலேயே இருக்கட்டும்.

மூச்சுத் தடுமாறினால் அல்லது நின்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். அசைவும் இல்லை, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சை 30 தடவை அழுத்தி 2 மூச்சு, திரும்ப 30, திரும்ப 2, உதவி வரும்வரை விடாமல். படகில் இருந்தால் படகிலேயே தொடங்குங்கள், கரை சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இதில் ஒன்றை நெஞ்சில் எழுதி வையுங்கள்: தசை எல்லாம் செயலிழந்து, கண்ணைக்கூடத் திறக்க முடியாமல் கிடக்கும் ஆளுக்கு உள்ளே நினைவு இருக்கலாம், நீங்கள் பேசுவதும் கேட்கலாம். முடிந்துபோயிற்று என்று அவர் காதருகே அழாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மூச்சு நாங்கள் தருகிறோம், வைத்தியசாலைக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும் நேரத்தில் ஆள் செத்துவிடும் என்றொரு கதை இந்த நத்தையைப் பற்றி உலவுகிறது. அதை நம்பிக் கைவிட்டுவிடக் கூடாது. இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, ஆனால் விஷத்தின் பிடி தானாகத் தளரும், அதுவரை மூச்சை ஓட வைத்தால் ஆள் பிழைக்க வழி இருக்கிறது.

செய்யக் கூடாதவை: குத்திய இடத்தைக் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, இரத்தம் ஓடாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, சாராயம் கொடுக்கக் கூடாது. விழுங்க முடியாதவருக்குத் தண்ணீரோ தேநீரோ கொடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கல்மீனும் திருக்கையும் குத்தினால் சுடுதண்ணீரில் வைப்பது சரி, இதற்கு முதலில் பண்டேஜ்.

வைத்தியசாலையில் 'சங்கு குத்திவிட்டது' என்று மட்டும் சொன்னால் வெட்டுக்காயம் என்று நினைத்து வரிசையில் உட்கார வைக்கக்கூடும். விஷமுள்ள கூம்பு நத்தை, கோனஸ், மூச்சை நிறுத்தக்கூடியது, மூச்சு இயந்திரம் தேவைப்படலாம் என்று வாசலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். சங்கைப் போனில் படம் எடுத்துக் கொண்டுபோனால் நல்லது, அதைப் பிடித்துக் கொண்டுபோக முயற்சி செய்து இரண்டாவது ஆளும் குத்து வாங்க வேண்டாம். கொஞ்சம் சுகமாகத் தெரிந்தாலும் வைத்தியர் போகச் சொல்லும்வரை வீட்டுக்குத் திரும்பக் கூடாது, காயத்துக்குள் பல்லின் துண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏற்பு (டெட்டனஸ்) ஊசியைப் பற்றியும் கேளுங்கள்.

கடற்கரைக்குக் கொண்டுபோகும் பைக்குள் இரண்டு அகலமான கிரேப் பண்டேஜும் ஒரு பேனாவும் போட்டு வையுங்கள். பாமசியில் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. ஒரு தடவை வீட்டில் யாருடைய காலிலாவது சுற்றிப் பழகிப் பாருங்கள், பிள்ளைகளையும் சுற்றச் சொல்லுங்கள்.